நந்திக்கு விரித்த பட்டு

சிவப்புக் கொடி கட்டக் கயிறு கிடைக்கவில்லை. வீரபத்திரனுக்கு அதில் ஓர் அற்பத் திருப்தி. கொடி கட்டாமல் முன்வண்டி கிளம்பாது. முன்வண்டி கிளம்பாமல் டிரெய்லர் நகராது. டிரெய்லர் நகராவிட்டால் பாலாஜியின் கழுத்தில் கிடக்கும் சம்பங்கி மாலை வெயிலில் சுருண்டு வாடும். வாடட்டும்.

ஆனால் காஞ்சிபுரத்தில் எதற்குத் தட்டுப்பாடு வந்தாலும் நூலுக்கு வராது. சிற்பப் பட்டறைக்குப் பின்னாலிருந்த தறிவீட்டிலிருந்து யாரோ ஒரு புண்ணியவான் கழிவு நூலை முறுக்கிக் கயிறாகவே திரித்துக் கொண்டுவந்து நீட்டிவிட்டான்.

"இந்தாண்ணே. யானையக் கூட கட்டலாம்."

"யானைக்குத்தான்பா கட்றேன்," என்றான் வீரபத்திரன்.

அவனுக்குக் கொடுத்திருந்த வண்டியின் பெயரே குட்டியானை. காய்கறி மூட்டையும் தண்ணீர் கேனும் ஏற்றுகிற சின்ன வண்டி. அதன் நெற்றியில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு, பெரிய வண்டி வருகிறது, ஒதுங்கு ஒதுங்கு என்று ஊருக்கெல்லாம் சொல்லியபடி முன்னால் ஊர்ந்து போக வேண்டும். மீசை முளைத்த நாளிலிருந்து டிரெய்லர் ஓட்டியவனுக்கு இன்று வாய்த்த உத்தியோகம் அது. பின்னால் வரப்போகும் புத்தம்புது டிரெய்லரில், மாலையும் சந்தனமுமாக, அவனுடைய சகலை பாலாஜி.

சகலை என்றால் சும்மா சகலை இல்லை. பாலாஜி முதலில் பெண் பார்க்க வந்தது தீபிகாவை அல்ல. அவள் அக்கா தேவிப்ரியாவை. ஜாதகம் ஒட்டவில்லை என்று திரும்பிப் போனான். தேவிப்ரியா வீரபத்திரனுக்கு வாழ்க்கைப்பட்ட பிறகு, அதே வீட்டுக்குத் தங்கையின் மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தான். ஊர் மறந்துவிட்டது. தேவிப்ரியாவே மறந்துவிட்டாள். வீரபத்திரனுக்கு மட்டும் அது பல்லிடுக்கில் மாட்டிய மாங்காய் நார். நாக்கு அங்கேயே போய்க்கொண்டிருந்தது.

புது டிரெய்லர் வந்தபோது சாவி தனக்குத்தான் என்று வீரபத்திரன் நம்பியிருந்தான். முதலாளி சீனிவாசன் தோளில் கைபோட்டுத் தனியாக அழைத்துப் போனார். அப்படி அழைத்துப் போனாலே விஷயம் முடிந்தது என்று அர்த்தம்.

"ஒனக்கு வேல தெரியும் வீரா. இல்லன்னு யாரு சொன்னா? ஆனா பேசத் தெரியலயே. நீ ஒரு வார்த்த பேசினா ரெண்டு பேரு கோச்சிக்கினு போறாங்க. பாலாஜிய பாரு, சிரிச்சிக்கினே காரியத்த முடிச்சிடறான். இது சாமி லோடு. பெரிய மனுசங்கள்லாம் வருவாங்க. அவன் ஓட்டட்டும். நீ முன்னாடி போ. நீ முன்னாடி போனா எனக்கு தைரியம்."

முன்னாடி போவதாம். கொடி பிடிக்கிற வேலைக்கு எவ்வளவு அழகான பெயர்.

காலையில் வீட்டிலும் அதே எரிச்சல்தான். தேவிப்ரியா மந்தார இலையில் இட்லி மடித்துக்கொண்டிருந்தாள். மிளகும் சுக்கும் தூக்கலாகப் போட்ட, நம்ம ஊர்க் கோயில் இட்லி. இரண்டு பொட்டலம்.

"இன்னொண்ணு யாருக்கு?"

"பாலாஜி தம்பிக்கு. தீபிகா ஏழாம் மாசத்த வெச்சிக்கினு அடுப்புல நிக்க முடியுமா? அம்மா ஊட்ல போய் படுத்துக்கினு கீறா."

"அவனுக்கு மட்டும் நெய் மணக்குது."

"ரெண்டும் ஒரே சட்டில வெந்ததுய்யா." அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "இட்லிக்குமா பொறாம புடிக்கும் உனக்கு?"

அவள் பேச்சை மாற்றினாள். காந்தி ரோட்டுப் பட்டுக்கடை ஒன்றில் புடவை மடித்து அடுக்குகிற வேலை அவளுக்கு. "நேத்து கடைல செம திட்டு எனக்கு. முகூர்த்தப் பட்ட அடுக்கறப்ப நடுவுல காயிதம் வெக்க மறந்துட்டேன். மொத்த அடுக்கும் சரசரன்னு சரிஞ்சி கல்யாணப் பொண்ணு மடில போய் உழுந்துச்சி. பட்டு மேல எத வெச்சாலும் நிக்குமா? எண்ண தடவின மாதிரி வழுக்கிக்கினு பூடும்."

அதற்கு மட்டும் வீரபத்திரன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். அன்றைக்கு அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அது ஒன்றுதான்.

சின்ன காஞ்சிபுரத்தில் கருட சேவைக் கூட்டம் கலைந்த மறுவாரம். வைகாசி வெயில் பட்டறைக் கல்தூளில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. நந்தி, ஒரே கருங்கல்லில் செதுக்கியது, படுத்திருக்கும் நிலையிலேயே ஆள் உயரத்துக்கு மேல். எண்ணெய் பூசிப் பூசி, ஈரமான எருமையைப் போல மினுங்கிக்கொண்டு கிரேனின் கொக்கியில் தொங்கியது. தென்னேரிப் பக்கம் புதிதாக எழும்பியிருக்கும் சிவன் கோயிலுக்குப் போகிறது. உபயம், அய்யம்பேட்டைத் தறிக்காரத் தெரு. அந்தத் தெருவின் சார்பாக வந்து நின்றவர் கமலாட்சியம்மா. மூக்கில் இரண்டு பக்கமும் பேசரி, இடுப்பில் சாவிக்கொத்து, வாயில் வெற்றிலை. அவர் பேசினால் தறிச் சத்தமே அடங்கும் என்பார்கள்.

டிரெய்லரின் மேடையில் கனமான மரக்கட்டைகள் போட்டு, அதன்மேல் தடித்த கறுப்பு ரப்பர் விரிப்பைப் பரப்பியிருந்தார்கள். ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் கழித்துப் போட்ட ரப்பர் பட்டை. கமலாட்சியம்மா எட்டிப் பார்த்தார்.

"இன்னாப்பா அது கறுப்பா?"

"ரப்பரும்மா," என்றான் பாலாஜி. "கல்லு நகராம கவ்விக்கும்."

"ரப்பருன்னா? செருப்புக்குப் போட்ற ரப்பரா?"

"அதே சாதிதாம்மா. கொஞ்சம் பெருசு."

"நல்லா இருக்குதுப்பா நியாயம்! செருப்ப அடில போட்டு அதுமேல சாமிய குந்த வெப்பியா? உங்க ஊட்ல செருப்பு மேலதான் குத்துவிளக்கு ஏத்துவீங்களா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பாலாஜியும் கூடவே சிரித்தான். அவனுடைய சாமர்த்தியமே அதுதான். யார் திட்டினாலும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிடுவான். "தப்புத்தாம்மா. இதோ எடுத்துடறேன்."

ரப்பர் சுருண்டு கீழே விழுந்தது. அதன் இடத்தில் கமலாட்சியம்மா தன் கையாலேயே பட்டு விரித்தார். தெருவே முறைபோட்டு நந்திக்கென்று நெய்த விரிப்பு. அரக்கு நிறம், கை அகலத்துக்கு ஜரிகை. நாலாக மடித்து, நீவி, ஓரத்தில் மஞ்சள் குங்குமம் வைத்தார். பெண்கள் குலவையிட்டார்கள்.

அடுத்தது சங்கிலி. "இரும்புச் சங்கிலி எதுக்கு? சாமி இன்னா ஜெயில்லயிருந்தா வருது?"

"அதுவும் வாணாம்மா. பெல்ட்டே போதும். நீங்க சொன்னா சரி."

கிரேனின் மேலிருந்து அந்தோணி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். வீரபத்திரனோடு பல வருஷம் லோடு ஏற்றியவன். தலையை வெளியே நீட்டினான்.

"ண்ணே, இன்னா பாத்துக்கினு நிக்கற? ஒரு வார்த்த சொல்லேன்பா."

"நான் கொடி புடிக்கிறவன். எனக்கின்னா தெரியும்?"

"வெளாடாதண்ணே."

"எறக்குபா. நல்ல நேரம் போவுது."

வீரபத்திரனுக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் நாக்கு அத்தனை இனித்தது. பெல்ட் கல்லைக் கீழ்நோக்கி அழுத்திக் கொடுக்கும், அவ்வளவே. பிடித்து நிறுத்துகிற வேலை அடியில் இருப்பதுடையது. அங்கே ரப்பர் இருந்தால் கல்லும் கட்டையும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அங்கே பட்டு இருந்தால்? முன்னாலும் பின்னாலும் முட்டுக்கட்டை கொடுத்திருந்தார்கள். பக்கவாட்டில் எதுவும் இல்லை. சங்கிலி இருந்தால் நாலு மூலையிலும் குறுக்கே இழுத்துக் கட்டியிருக்கலாம். அதுவும் இல்லை.

நந்தி பட்டின்மேல் அமர்ந்தது. உடம்புக்கும் ஒரு பட்டுத் துண்டு சாத்தி, அதன்மேலேயே பெல்ட் போட்டு இறுக்கினார்கள். முதுகில் ஒரு வெள்ளைக் குடையை நட்டுக் கட்டினார்கள். முன்னாலிருந்து பார்த்தால், டிரைவர் கேபினுக்கு மேலே, நட்டநடுவில், குடை கம்பீரமாகத் தெரிந்தது.

பாலாஜி மாலையும் வியர்வையுமாக ஓடி வந்தான்.

"சகல, ஒரு தபா கைய வெச்சிப் பாத்துடு. நீ பாத்துட்டா எனக்கு நிம்மதி."

கேட்காமல் இருந்திருக்கலாம் அவன். கேட்டுவிட்டான். வீரபத்திரன் மேடையில் ஏறி, பெல்ட்டை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினான். மேளத்தோல் போல டங்கென்றது. பெல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. அதில் பொய் இல்லை.

"கட்டு சரியாத்தான் இருக்குது."

பாலாஜி அவன் கையைப் பிடித்து அழுத்திவிட்டு ஓடினான். நந்தி விழ வேண்டும் என்றெல்லாம் வீரபத்திரன் நினைக்கவில்லை. லேசாக நகர்ந்தால் போதும். பெரிய மனுசங்கள் முன்னால் அந்தச் சிரிப்பு ஒருமுறை சுருங்க வேண்டும். 'எங்கடா வீரா, வீராவக் கூப்புடுங்க' என்று சீனிவாசன் அலற வேண்டும். அந்த அளவுக்கு மட்டும்தான். பொறாமைக்கு அளவு வைக்கத் தெரியும் என்று அவன் தன்னை நம்பினான்.

கீழே கிடந்த ரப்பரைச் சுருட்டி, சங்கிலியையும் வாரி, குட்டியானையின் பின்பக்கம் போட்டுக்கொண்டான். முதலாளி வீட்டுச் சாமான். விட்டுவிட்டுப் போக முடியாது.

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் குட்டியானை, பின்னால் நந்தி, அதன் பின்னால் அந்தோணியின் கிரேன், கடைசியாகத் தறிக்காரத் தெரு ஏறிக்கொண்ட வேன்கள்.

அய்யம்பேட்டையில் வண்டியை மறித்து ஆரத்தி எடுத்தார்கள். வாழைமரம், பம்பை, நீர்மோர். தேவிப்ரியாவின் அம்மா வீடும் அங்கேதான். இட்லிப் பொட்டலங்களோடு தேவிப்ரியா முன்னதாகவே வந்துவிட்டாள். அக்காளும் தங்கையும் வாசலில் தயாராக நின்றார்கள். தீபிகா மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு கை இடுப்பில். நந்தி பிரதிஷ்டையைப் பார்த்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றவள். இருவரும் தன் வண்டியில்தான் வரப்போகிறார்கள் என்று வீரபத்திரன் பக்கத்து இருக்கையைத் துண்டால் தட்டித் துடைத்து வைத்திருந்தான்.

பாலாஜி கேபினிலிருந்து குதித்தான். "அந்த அடுப்புல எதுக்கு வேகணும்? இங்க ஏசி கீது. ரெண்டு பேரும் மேல ஏறுங்க. அண்ணி, நீங்க மொதல்ல."

வீரபத்திரன் தேவிப்ரியாவின் அருகில் போனான். "நீ என்கூட வா."

"அவள ஒண்டியா எப்டிய்யா உடறது? வயித்துப் புள்ளக்காரி."

"அவ புருசன் இல்ல பக்கத்துல?"

"புருசன் வண்டி ஓட்டுவானா, இவளப் பாப்பானா?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "இன்னா உனக்கு? ஜனங்க பாக்குது. மூஞ்சிய அப்டி வெச்சிக்காத."

அவள் கேபின் படியில் கால் வைத்தாள். புடவைக் கொசுவத்தை ஒரு கையால் கூட்டிப் பிடித்திருந்தாள். அதற்குள் திரும்ப மேலே ஏறிவிட்ட பாலாஜி கை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டு ஏறினாள். அவ்வளவுதான் நடந்தது. ஒரு கை, ஒரு படி. வீரபத்திரனுக்கு நெஞ்சில் கொள்ளிக்கட்டையை வைத்துத் திருகினாற்போல் இருந்தது. அந்தக் கொதிப்பில், மிக முக்கியமான ஒன்று அவன் மூளைக்குக் கொஞ்சம் தாமதமாகவே வந்து சேர்ந்தது.

அவள் ஏறியிருப்பது எந்த வண்டியில்?

குட்டியானை ஊரைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. பட்டின்மேல் அமர்ந்திருக்கும் அந்தக் கல்லுக்கு முன்னால் ஒரு தகடு. தகட்டுக்கு முன்னால் அவன் மனைவி. பக்கத்தில் ஏழு மாதக் கர்ப்பிணி.

நிறுத்திச் சொல்லிவிடலாமா? என்னவென்று சொல்வது? காலையில் கையை வைத்துத் தட்டிப் பார்த்துச் சரி என்றவன் யார்? ரோடு சமமாகத்தான் இருக்கிறது, வாலாஜாபாத் வரை ஒன்றும் ஆகாது என்று அவன் மனம் வக்கீல் வைத்துப் பேசியது. கண் மட்டும் பக்கக் கண்ணாடியை விட்டு நகரவில்லை. கண்ணாடியில் டிரெய்லரின் முகம் தெரிந்தது. உள்ளே மூன்று தலைகள். நடுவில் தேவிப்ரியா. ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். பாலாஜி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்கிறான். மந்தார இலைப் பொட்டலம் கை மாறுகிறது.

இட்லி கொடுக்கிறாள்! பிரித்தே கொடுக்கிறாள்!

பயத்துக்கு நடுவிலும் பொறாமைக்கு இடம் இருந்தது. அது அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

வாலாஜாபாத்தில் வேகத்தடை. குட்டியானை ஏறி இறங்கியது. கண்ணாடியில் டிரெய்லர் ஏறி இறங்கியது. கேபினுக்கு மேலே வெள்ளைக் குடை ஒரு குலுக்கு குலுக்கி அடங்கியது. வீரபத்திரன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

குடை நடுவில் இல்லை.

காலையில் கேபினின் நெற்றியில் எழுதிய 'ஓம்' எழுத்துக்கு நேர்மேலே நின்ற குடை, இப்போது இடதுபக்க விளக்குக்கு மேலே வந்திருந்தது. சாய்ந்திருக்கும், காற்றுக்குச் சாய்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டான். தென்னேரி ரோட்டில் திரும்பியதும் ஒரு பள்ளம். குடை இன்னும் நகர்ந்தது. சாயவில்லை. நேராக நின்றபடியே, குடையும் குடையைச் சுமந்த நந்தியும், இடதுபக்கமாக ஊர்ந்துகொண்டிருந்தன.

முன்னால் ஏரிக்கரை. கரை ஏறுகிற இடத்தில் ரோடு வலதுபக்கம் வளைகிறது. அந்த வளைவில் பாரம் இடதுபக்கம் தள்ளும். இடதுபக்கம் சரிவு. சரிவின் அடியில் ஏரித் தண்ணீர்.

சீனிவாசனின் போன் வந்தது. "எங்கப்பா இருக்கீங்க? ஐயருங்க எல்லாம் ரெடி. ஜல்தி வாங்க."

கட் பண்ணினான். பாலாஜியின் நம்பரை அழுத்தினான். தீபிகா எடுத்தாள்.

"சொல்லு மாமா."

வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டான். கல் நகர்கிறது என்று சொன்னால் பாலாஜி பதறிப்போய்ப் பிரேக்கை மிதிப்பான். அடியில் பட்டு. மிதித்த வேகத்துக்கு நந்தி முன்னாலிருக்கும் முட்டுக்கட்டையைத் தட்டிவிட்டு நேராகக் கேபினுக்குள் வரும்.

"தீபிகா, நான் சொல்றத அப்டியே சொல்லு. பிரேக்குல கால் வெக்க வாணாம். கியர எறக்கி எறக்கி, உருட்டிக்கினே வந்து நிறுத்தச் சொல்லு."

"ஏன் மாமா?"

"சொல்லுமா!"

போனில் சிரிப்புச் சத்தம். பின்னாலிருந்து பாலாஜியின் குரல்: "இன்னா சகல, அண்ணி இங்க வரதுக்கு அங்க வயிறு எரியுதா?"

எரிந்தது. அதைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. வீரபத்திரன் குட்டியானையை ரோட்டின் நட்டநடுவுக்குக் கொண்டுவந்தான். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி, தூங்கும் குழந்தையைத் தட்டுவதுபோல் மெல்ல, மெல்ல என்று காட்டிக்கொண்டே வேகத்தைக் கரைத்தான். பின்னால் ஹாரன். அதன் பின்னால் வேன்களின் ஹாரன். கண்ணாடியில் பாலாஜியின் சிரிப்பு மறைந்தது. ஆனால் அவனும் டிரைவர். அந்தக் கையின் அர்த்தம் தெரிந்தவன். டிரெய்லர் முக்கிமுனகி, உருண்டு, ஊர்ந்து, வளைவு தொடங்குவதற்குச் சற்று முன்னால் நின்றது.

தீபிகாவைத் தாண்டிக்கொண்டு முதலில் இறங்கி வந்தது தேவிப்ரியா. கோபத்தில் முகம் சிவந்திருந்தது.

"மனுசனாய்யா நீ? என் தங்கச்சி புருசன் வண்டில நான் ஏறினது உனக்குப் பொறுக்கலயா? நடு ரோட்ல சாமிய நிறுத்தி வெச்சி மானத்த வாங்குவியா?"

வேன்களிலிருந்து ஜனம் இறங்கி வந்தது. கமலாட்சியம்மா இடுப்பில் கைவைத்தார். "இன்னாடா பேஜாரு இது? புருசன் பொண்டாட்டி சண்டைய அப்பால போட்டுக்கக் கூடாதா?"

யாரோ சிரித்தான். "சகலைங்களுக்குள்ள தகராறாம்."

"தீபிகாவ எறக்கு," என்றான் வீரபத்திரன் மனைவியிடம். "இடது பக்கமா வாணாம். வலது பக்கமா. மெதுவா." பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான். "இடது பக்கம் ஒரு ஆள் நிக்கக் கூடாது! தள்ளுங்க!"

அவன் குரலில் இருந்த ஏதோ ஒன்று சிரிப்பை நிறுத்தியது. பாலாஜி இறங்கிப் பின்பக்கம் போனான். அப்படியே நின்றுவிட்டான்.

நந்தியின் பீடம் மரக்கட்டையைத் தாண்டி ஒரு முழத்துக்கு வெளியே வந்திருந்தது. பெல்ட் அறுபடவில்லை, பட்டுத் துண்டின்மேல் தானும் வழுக்கிக்கொண்டு கூடவே வந்து, அங்கே தளர்ந்து தொங்கியது. பீடத்துக்கு அடியிலிருந்து அரக்குப் பட்டு நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அந்த நாக்குக்கு நேர்கீழே, ஏரிச் சரிவில், ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"ஐயோ," என்றாள் தீபிகா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

அதன்பின் வீரபத்திரன் பேசத் தெரியாதவனாக இல்லை. அந்தோணியைக் கூப்பிட்டு கிரேனை வலதுபக்கம் ஊன்றச் சொன்னான். கட்டைகளுக்கு இடையே நந்தியின் பீடத்தடியில் தூக்குநாடா கோத்து, பாரம் கிரேனுக்கு வந்த பிறகே பெல்ட்டை அவிழ்க்க வைத்தான். கல் மெல்ல எழும்பியபோது ஏரிக்காற்று கூட நின்றுவிட்டது போலிருந்தது. குட்டியானையின் பின்கதவைத் திறந்து ரப்பர் சுருளையும் சங்கிலியையும் இழுத்துக் கீழே போட்டான்.

பாலாஜியின் கண்கள் விரிந்தன. "பாத்தீங்களா! சகல முன்னாடியே யோசிச்சி ரப்பர எடுத்துக்கினு வந்துகிறாரு! வாணாம்னு சொன்னப்ப கூட வாய தொறக்காம, வண்டில போட்டுக்கினு வந்துகிறாரு! மனுசன்னா இவருதான்பா!" எல்லார் முன்னாலும் வீரபத்திரனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது.

அந்தோணி கிரேனின் மேலிருந்து ரப்பரைப் பார்த்தான், வீரபத்திரனைப் பார்த்தான், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தேவிப்ரியாவும் ரப்பரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கமலாட்சியம்மாவுக்கு நடுக்கம் தெளிந்திருந்தது. ஆனாலும் விடவில்லை. "நான் தப்புன்னு சொல்லலப்பா. ஆனா ரப்பரு... சாமி அடில... மனசு கேக்கலயே."

பதில் தேவிப்ரியாவிடமிருந்து வந்தது. கண்ணை ரப்பரிலிருந்து எடுக்காமலே பேசினாள். "ஏம்மா, தறிய நீங்க எதால மிதிக்கிறீங்க?"

"காலாலதான்."

"காலால மிதிச்சி மிதிச்சி நெஞ்ச பட்டு சாமிக்கு ஆவுது. கால்ல போட்ற ரப்பரு மட்டும் ஆவாதா? ஏரித்தண்ணி கீது, கழுவுங்க. மஞ்சத்தண்ணி தெளிங்க. பட்ட மேல சாத்துங்க, பாக்க அழகா இருக்கும். அடில வாணாம்மா. பட்டு எதயும் நிக்க உடாது. எங்க கடைல சின்னப் பொண்ணுங்களுக்குக் கூட தெரியும். எங்க ஊட்ல..." நிறுத்தினாள். "எங்க ஊட்லயும் தெரியும்."

கமலாட்சியம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, பட்டு விரிப்பை இழுத்தெடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். நாலு பெண்கள் ரப்பரைச் சரிவில் இறக்கி, தேய்த்துக் கழுவி, மஞ்சள் தெளித்துத் தூக்கி வந்தார்கள். நந்தி ரப்பரின்மேல் அமர்ந்தது. அமர்ந்த மாத்திரத்தில் சத்தமே வேறாக இருந்தது. ஒரு கனத்த, திருப்தியான 'தொப்'. பெல்ட்டுக்கு அடியிலிருந்த பட்டுத் துண்டை எடுத்துவிட்டு வீரபத்திரன் கோணி மடித்து வைத்தான். நாலு மூலைக்கும் குறுக்கே சங்கிலி இழுத்தான். சங்கிலி தெரியாமல் இருக்க அதன்மேல் பூச்சரம் சுற்றினார்கள். பக்கவாட்டில் முட்டு அடித்தான். குனிந்து முட்டு அடித்துக்கொண்டிருந்தபோது தேவிப்ரியாவின் பாதங்கள் பக்கத்தில் வந்து நின்றன.

"ரப்பர வண்டில போட்டது காலைலயா?"

"ம்."

"கட்டு சரியான்னு கைய வெச்சிப் பாத்தது?"

சுத்தியல் நின்றது. "நான்தான்."

அவள் கத்துவாள் என்று காத்திருந்தான். கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். பாதங்கள் சத்தமில்லாமல் திரும்பிப் போயின.

"சகல!" பாலாஜி சாவியை நீட்டிக்கொண்டு வந்தான். "என்னால இனிமே இத ஓட்ட முடியாதுபா. நீயே ஓட்டு. முதலாளிகிட்ட போன்ல சொல்ட்டேன். இனிமே இந்த வண்டி வீராவுக்குதான்னுட்டாரு. நான் கொடி புடிக்கிறேன். சந்தோசமா புடிக்கிறேன்."

கழுத்திலிருந்த சம்பங்கி மாலையைக் கழற்றி வீரபத்திரனின் கழுத்தில் போட்டான். அவன் வியர்வை ஈரம் மாலையில் இன்னும் இருந்தது.

'இல்லடா, நான் காலைலயே...' என்று தொடங்க வாய் திறந்தான். கூட்டம் கைதட்டியது. பாலாஜி ஓடிப்போய்க் குட்டியானையில் ஏறிவிட்டான். பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்து தேவிப்ரியா ஏறுவதை வீரபத்திரன் பார்த்தான். காலையில் அவன் துண்டால் தட்டித் துடைத்து வைத்த இருக்கை.

டிரெய்லரின் ஸ்டியரிங் புதுசு. உறை கூடப் பிரிக்கவில்லை. எத்தனை நாள் கனவில் பிடித்த வட்டம். தீபிகா மெல்ல ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஏசி வேண்டும். இருக்கையில் மந்தார இலைப் பொட்டலம் ஒன்று பிரிக்காமல் கிடந்தது. அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"உனக்குத்தான் மாமா. உன் வண்டில வெச்சா காஞ்சிப் பூடும்னு அக்கா இங்க எடுத்துக்கினு வந்துச்சி."

வண்டி நகர்ந்தது. முன்னால் குட்டியானையின் பின்கண்ணாடியில் இரண்டு தலைகள். ஒன்று திரும்பி ஏதோ கேட்டது, மற்றது அசையவில்லை.

"அக்காவ தப்பா நெனச்சிக்காத மாமா," என்றாள் தீபிகா. "அது ஏறவே பயந்துச்சி. அவ்ளோ பெரிய கல்லு முதுகுக்குப் பின்னாடி இருக்குதே, கட்டு யாரு பாத்தாங்கன்னு கேட்டுச்சி. இவரு, சகல கைய வெச்சிப் பாத்து சரின்னுட்டாருன்னு சொன்னாரு. அப்பாலதான் ஏறுச்சி. 'உங்க மாமா கைய வெச்சிட்டா அது நகராதுடி'ன்னு வழியெல்லாம் அதே பேச்சு. பெரும தாங்கல."

வீரபத்திரன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏசி ஓடுது, உனக்கு ஏன் மாமா இப்டி வேர்க்குது?"

வளைவு வந்தது. குட்டியானையின் ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே நீண்டது. கண்ணாடி வளையல், மணிக்கட்டில் மஞ்சள் தண்ணீரின் கறை. வண்டியின் நெற்றியில் கட்டியிருந்த சிவப்புத் துணியை எப்போது அவிழ்த்து வாங்கினாளோ, அதைப் பிடித்துக்கொண்டு கீழ்நோக்கி அசைத்தாள். மெதுவா. மெதுவா.

வீரபத்திரன் கியரை இறக்கினான். பின்னால் நந்தி அசையவில்லை. வளைவைக் கடந்து ரோடு நேரானதும் அந்தக் கை உள்ளே போய்விட்டது. கோயில் வரும்வரை அவள் ஒருமுறை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.